விடுமுறை கேட்ட பூட்டு

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில், செண்பகவல்லி என்ற புரோகிராமரின் லேப்டாப்புக்குள், ஒரு குடும்பம் குடியிருந்தது.

குடும்பத்துக்குத் தலைவி தாய்க்களஞ்சியம். தினசரி நாட்காட்டி அச்சாக வேண்டிய சமாசாரம் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குப் பிள்ளைகளாக மூன்று ஃபோல்டர்கள். மூத்தது தாள். எழுத்து எவ்வளவு பெரிதாக வரவேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று அதற்குத் தெரியும். அடுத்தது படம். முருகனும் மகாலட்சுமியும் அதன் மடியில் இருந்தார்கள். கடைக்குட்டி விடுமுறை. எந்தத் தேதி பொங்கல், எது ரம்ஜான், எது கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமைகள் எங்கெங்கே விழுகின்றன, எதையெல்லாம் சிவப்பில் அடிக்கவேண்டும் என்ற விவரம் முழுக்க அதனிடம்தான்.

தாய்க்களஞ்சியத்துக்கு ஒரு குணம். எதையும் மறக்காது. அன்றன்றைய வேலை முடிந்ததும் செண்பகவல்லி 'கமிட்' என்று ஒரு கட்டளை கொடுப்பாள். உடனே தாய் எழுந்து ஒவ்வொரு பிள்ளையின் அறைக்கும் போய், அன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளும். பிறகு எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அந்த நாளை இருந்தபடியே எடுத்துக் கொடுக்கும்.

"ஏ விடுமுறை, நேத்து தெலுங்கு வருஷப் பிறப்பை ஒரு நாள் தள்ளி வச்சிருந்தியே, இன்னைக்குச் சரியாயிருச்சா?" என்று கேட்கும்.

"ஆயிருச்சு, ஆயிருச்சு. எல்லாத்தையும் இப்படித் தோண்டித் தோண்டிப் பார்க்கணுமா?" என்று விடுமுறை சலித்துக்கொள்ளும்.

பார்க்கிற அம்மா இருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சலித்துக்கொள்கின்றன.

இப்படி இருந்த வீட்டுக்குப் பஞ்சாங்கம் வந்தது.

பஞ்சாங்கம் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. திருநெல்வேலியில் ஒரு சர்வரில் அதற்குச் சொந்த வீடு இருந்தது. அதுவும் ஒரு களஞ்சியம்தான். தாய்க்களஞ்சியத்தைப் போலவே தன் நாட்களைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கணக்கு சுத்தமாக இருந்ததால் வேறு சில அச்சகங்களும் அதை வரவழைத்து வைத்திருந்தன.

ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியத்தைக் குடிவைப்பது, கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைக்கிற காரியம் இல்லை. செண்பகவல்லி அதை முறையாகத்தான் செய்தாள். வீட்டுக்குள் ஓர் அறை ஒதுக்கினாள். அந்த அறைக்குத் தனிப் பூட்டு. நடையில் ஒரு முகவரிச் சீட்டை ஒட்டி, பஞ்சாங்கத்தின் சொந்த வீடு எங்கே இருக்கிறது என்று அதில் எழுதினாள். கடைசியாகத் தாயிடம் ஓர் அடையாளம் கொடுத்தாள். பஞ்சாங்கத்தின் எத்தனையோ நாட்களில் எந்த நாள் நிலையில் அது இந்த வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

விடுமுறை ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தது. பூட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது.

"வாங்க தம்பி, வாங்க" என்று தாய்க்களஞ்சியம் பஞ்சாங்கத்தை வரவேற்றது.

விடுமுறைக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அதை 'வா, போ' என்றுதான் அம்மா கூப்பிட்டிருக்கிறது. நேற்று வந்தவனுக்கு 'வாங்க'வாம்.

அன்று சாயங்காலம் கமிட் வந்தது. தாய் வழக்கம்போல் தாளைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது, விடுமுறையைக் குடைந்து குடைந்து பார்த்தது. பஞ்சாங்கத்தின் அறைக்கு வந்ததும் கதவுக்கு வெளியே நின்றபடி, "அதே நாள் அடையாளம்தானே? சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விடுமுறை அன்றைக்கு முழுசாக நொந்துபோனது. படத்திடம் போய்ப் புலம்பியது.

"பார்த்தியா? அவனை ஒரு வார்த்தை கேக்கலை. 'சரிங்க'ன்னு சொல்லிட்டு வந்துருச்சு. அவன் மேல அவ்வளவு நம்பிக்கை. நம்மளை மட்டும் திருடன் பையைச் சோதிக்கிற மாதிரி சோதிக்குது."

"உனக்கு என்ன குறை இப்ப?" என்றது படம். "நாட்காட்டி வாங்குறவன் எல்லாம் உன்னைத்தானே முதல்ல பார்க்கிறான்? இந்த வீட்டுல உனக்கு இருக்கிற செல்லம் எனக்கு உண்டா?"

"செல்லம் யாருக்கு வேணும்? எனக்கு ஒரு பூட்டு வேணும்."

"எதுக்கு?"

பஞ்சாங்கத்துக்கு இருக்கிறது, அதனால் வேண்டும். அதற்குமேல் காரணம் ஒன்றும் இல்லை. பொறாமைக்கு எப்போதுமே அதற்குமேல் காரணம் இருந்ததில்லை.

நாளாக நாளாக வயிற்றெரிச்சல் கூடியது. முதலாளி தங்கப்பழம் யாராவது ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வருவார். "நம்ம நாட்காட்டியில திருநெல்வேலிக் கணக்கு. ராகுகாலம் அச்சுப் பிசகாது" என்று பெருமையடிப்பார். தீபாவளி என்றைக்கு என்று சொல்வதைப் பற்றி யாரும் பெருமையடிக்கவில்லை. பஞ்சாங்கம் அவ்வப்போது தன் சொந்த வீட்டிலிருந்து வந்த சேதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வெளியூரில் மனிதர்கள், வெளியூரில் மரியாதை. விடுமுறை தன் அறையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நேரிலேயே கேட்டுவிட்டது.

"உங்களுக்கு என்னங்க, ராஜா வாழ்க்கை. தனி அறை, தனிப் பூட்டு, ஊருக்கு ஊர் வீடு. எங்கம்மா உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கிறதில்லை."

பஞ்சாங்கம் சிரிக்கவில்லை. "போன வாரம் என் வீட்டுல ரோகிணி நட்சத்திரம் முடியுற நேரத்தைத் திருத்தினோம்" என்றது. "நல்ல திருத்தம். ரொம்ப நாளா இருந்த பிழை. உங்கம்மாவுக்கு அது தெரியுமா?"

"தெரியாதா?"

"தெரியாது. உங்கம்மா கையில என்னோட ஒரே ஒரு நாள் அடையாளம்தான் இருக்கு. யாராவது வந்து அடையாளத்தை மாத்திச் சொல்றவரைக்கும் இந்த வீட்டுல நான் அந்த நாள்லயேதான் நிக்கணும். அங்க எவ்வளவு வளர்ந்தாலும் இங்க எனக்கு அதே வயசு. உன்னை உங்கம்மா திட்டுறதைக் கேட்டுக்கிட்டே இந்தக் கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருப்பேன். தெலுங்கு வருஷப் பிறப்பு தள்ளிப் போனது உங்கம்மாவுக்குத் தெரியுது பாரு, அந்த மாதிரி என்னை ஒருத்தரும் திட்டினது இல்லை."

விடுமுறை பல்லைக் கடித்துக்கொண்டது. வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தது. இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், இல்லாதவர்களிடம் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ள வேண்டுமாம். பஞ்சாங்கம் பொய்தான் சொல்கிறது என்று முடிவுகட்டிவிட்டு விடுமுறை தன் அறைக்குத் திரும்பியது.

அதன் நேரமோ என்னவோ, வைகாசி கடைசியில் தங்கப்பழம் மாடியேறி வந்தார்.

"ஏம்மா செம்பகம், சாத்தூர்ல நம்ம சம்பந்தி டைரி போடுறாருல்ல? நம்ம லீவு விவரத்தை அவருக்கும் குடுக்கணுமாம். இங்க ஒண்ணு மாத்துனா அங்கயும் மாறணும். என்ன செய்யலாம்?"

"பஞ்சாங்கம் மாதிரியே விடுமுறையையும் தனியாப் பிரிச்சிரலாம் முதலாளி. நாமளும் அவரும் சர்வர்ல இருந்து எடுத்துக்கலாம்."

"அப்ப பிரிச்சிரு."

விடுமுறைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் ஏங்கியது வீடு தேடி வந்து நிற்கிறது.

செண்பகவல்லி வேலையை ஆரம்பித்தாள். முதலில் தாய்க்களஞ்சியத்திடம், "விடுமுறையை உன் பொறுப்பிலிருந்து இறக்கிவிடு" என்று கட்டளையிட்டாள். தாய் விடுமுறையைக் கடைசியாக ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தது. பிறகு செண்பகவல்லி விடுமுறையின் அறைக்குள் போய், அதைத் தனிக் களஞ்சியமாக்கினாள். கதவுக்குப் பூட்டு வந்தது. விடுமுறை தன் முதல் நாளைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது.

இனி செய்யவேண்டியது இரண்டு பாக்கி. சர்வரில் விடுமுறைக்கு ஒரு சொந்த வீடு கட்டி, உள்ளே இருப்பதை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும். அந்த வீட்டின் முகவரியை நடையில் இருக்கும் சீட்டில் எழுதவேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஆள் வந்தது. மாத நாட்காட்டியில் நீல மை தப்பாக விழுகிறது, உடனே வரச்சொல்கிறார்கள் என்றது. செண்பகவல்லி ஓடினாள். அவள் மறுபடி மாடியேறியபோது ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில் 'எல்லாவற்றையும் சேர்' என்று ஒரு கட்டளையைத் தட்டினாள்.

அப்போது திரையில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்து நின்றது. எச்சரிக்கை நல்ல மனிதர்தான். ஆனால் சுருக்கமாகப் பேசத் தெரியாது. "அம்மா, ஒரு நிமிஷம். ஒரு களஞ்சியத்துக்குள்ளே இன்னொரு களஞ்சியம் இருப்பதாகத் தெரிகிறது. இதை இப்படியே சேர்த்தால், பிறகு இந்த வீட்டை நகல் எடுக்கிறவர்களுக்கு உள்ளே இருப்பது கிடைக்காது. எங்கிருந்து எடுப்பது என்றும் அவர்களுக்குத் தெரியாது. தாங்கள் ஒருவேளை முறைப்படி குடிவைக்க விரும்பினால்..." என்று அவர் பத்தி பத்தியாகச் சொல்லிக்கொண்டே போனார்.

செண்பகவல்லி அதற்குள் கமிட் கொடுத்து, மூடியை மூடிவிட்டாள். உலகத்தில் மஞ்சள் எழுத்தை நின்று படித்தவர் யார்?

விடுமுறை படித்தது. முழுக்கப் படித்தது. முகவரி இல்லை என்பது அதற்குப் புரிந்தது. நாளைக்குச் செண்பகவல்லி வந்ததும் ஏதாவது ஒரு வழியில் தெரியப்படுத்தலாம்தான். ஆனால் அவள் யோசனை மாறிப் பூட்டைக் கழற்றிவிட்டால்? வாயைத் திறக்கவேண்டாம் என்று இருந்துவிட்டது.

மறுநாள் செண்பகவல்லி பார்த்தபோது எல்லாம் வேலை செய்தது. அவள் லேப்டாப்பில்தான் விடுமுறை உள்ளே பத்திரமாக இருக்கிறதே! சாத்தூர்க்காரரும் அவசரப்படவில்லை. பாக்கி வேலை இரண்டும் நாளை, நாளை என்று தள்ளிப்போய், கடைசியில் மறந்தே போயின.

அந்த நாட்களில் விடுமுறைக்குத் தரையில் கால் பாவவில்லை. தாயே வந்து, "வாங்க விடுமுறை, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபோது அதற்குக் காதெல்லாம் தேனாக இருந்தது. பஞ்சாங்கத்தின் அறைப் பக்கம் வேண்டுமென்றே நாலு தடவை நடந்து போனது.

அடுத்த வருஷத்துக்கான தேதிகளைச் செண்பகவல்லி அப்போதுதான் உட்கார்ந்து ஏற்றினாள். நிலாவைப் பார்த்து மாறுகிற பண்டிகைகள், உள்ளூர் விடுமுறைகள், பங்குனிப் பொங்கல், ஒன்று விடாமல். விடுமுறை இத்தனை அழகாக எப்போதும் இருந்ததில்லை. அதை யாரிடமாவது காட்டவேண்டும்போல் இருந்தது.

"அம்மா, அடுத்த வருஷம் தீபாவளி எந்தக் கிழமை தெரியுமா?" என்று கதவிடுக்கில் கேட்டது.

"உங்க வீட்டு விஷயம் எனக்கு எப்படிங்க தெரியும்? பூட்டியிருக்கே" என்றது தாய். "நாள் அடையாளம் மாறியிருந்தா சொல்லுங்க. குறிச்சுக்கிறேன்."

விடுமுறை அடையாளத்தைச் சொன்னது. தாய் குறித்துக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லி அடுத்த அறைக்குப் போனது. அங்கே தாளை, "ஓரம் ஏன்டா இப்படிக் கோணலா இருக்கு?" என்று அதட்டியது. அந்தச் சத்தத்தை விடுமுறை கதவில் காதை வைத்துக் கேட்டது. அது பொறாமை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சத்தியமாக அது பொறாமைதான்.

ஆடிப்பெருக்கு வந்தது. சிவகாசியில் அடுத்த வருஷ நாட்காட்டியின் மாதிரி ஆல்பத்தை அன்றைக்குத்தான் வெளியில் வைப்பார்கள். ஏஜெண்டுகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் சொல்லும் நாள். அன்றைக்கு ஆல்பம் இல்லாவிட்டால் அவர்கள் பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். செண்பகவல்லி எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிவிட்டு, தங்கையின் வளைகாப்புக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருந்தாள். லேப்டாப்பும் கூடவே போயிருந்தது.

காலையில் ஃபோர்மேன் அய்யாத்துரை கீழ்த்தளத்தில் இருந்த அச்சுக் கணினியைத் தட்டிவிட்டார். அது சர்வரிலிருந்து குடும்பத்தை நகல் எடுத்து இறக்கியது.

தாய்க்களஞ்சியம் இறங்கியது, தன் அத்தனை நாட்களோடும். தாள் வந்தது. படம் வந்தது. பஞ்சாங்கத்தின் அறை முதலில் காலியாகத்தான் வந்தது. தாய் நடையில் இருந்த முகவரிச் சீட்டைப் பார்த்து, "திருநெல்வேலிக்குப் போய் இந்த நாள் அடையாளத்தோட இருக்கிற தம்பியைக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னது. கண்மூடித் திறப்பதற்குள் பஞ்சாங்கம் வந்து தன் அறையில் உட்கார்ந்தது.

விடுமுறையின் அறையும் காலியாகத்தான் வந்தது. தாய் முகவரிச் சீட்டை மேலும் கீழும் பார்த்தது.

"பேர் இருக்கு. நாள் அடையாளமும் இருக்கு. எங்க இருந்து கூட்டிட்டு வரணும்னு எழுதலையே" என்றது.

நகல் எத்தனை எடுத்தாலும் உயிர் ஒன்றுதான். அந்தக் காலி அறைக்குள் நின்ற விடுமுறை தன்னைத் தானே தடவிப் பார்த்தது. பொங்கல் இல்லை. ரம்ஜான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. வாசலில் பெயர் மட்டும் தொங்கியது.

"அம்மா, என்கிட்ட ஒண்ணுமே இல்லையே!"

"நீங்க பூட்டின நாள்ல இருந்து உள்ள என்ன வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

"பூட்டுறதுக்கு முன்னாடி?"

தாய்க்களஞ்சியம் தன் பழைய நாட்களைப் புரட்டியது. பேச ஆரம்பித்தபோது அதன் குரல் மாறியிருந்தது.

"அதுக்கு முன்னாடியா? அதெல்லாம் தெரியுமே. நீ முதமுதல்ல வந்தப்ப உன்கிட்ட வெறும் ஞாயித்துக்கிழமைதான் இருந்துச்சு. அப்புறம் பொங்கல் வந்துச்சு. மாட்டுப் பொங்கலை மறந்துட்டு, மறுநாள் ஓடி வந்து வச்சே. ஒரு வருஷம் ரெண்டு தீபாவளி வச்சுட்டு முழிச்சே. நான் சிரிச்சேன், நீ கோவிச்சுக்கிட்டே. எல்லாம் இருக்கு. வேணும்னா எடுத்துத் தர்றேன். ஆனா அதெல்லாம் இந்த வருஷம் வரைக்கும்தான். அடுத்த வருஷத்தை நீ எனக்குக் காட்டலையே."

விடுமுறைக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் அதனிடம் ஒன்றும் இல்லை.

அச்சுப் புரோகிராமுக்கு இந்தச் சோகம் எதுவும் தெரியாது. விடுமுறையின் அறையைத் திறந்து பார்த்தது, யாரும் இல்லை, அப்படியென்றால் விடுமுறை எதுவும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தாள்களைத் துப்ப ஆரம்பித்தது.

அய்யாத்துரை முதல் தாள்கட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். போனை எடுத்தார்.

"ஏம்மா செம்பகம், அடுத்த வருஷம் யாருக்கும் லீவே கெடையாதா?"

கோவில்பட்டியில், தங்கையின் கைக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே செண்பகவல்லி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். "என்ன அண்ணாச்சி சொல்றீங்க?"

"எல்லாம் கறுப்பா இருக்கும்மா. தீபாவளியும் கறுப்பு, பொங்கலும் கறுப்பு. ஞாயித்துக்கிழமை கூட வேலைக்குப் போகணுமாம். ராகுகாலம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

செண்பகவல்லி சந்தனக் கையோடு லேப்டாப்பைத் திறந்தாள். "என்கிட்ட எல்லாம் சரியாத்தானே அண்ணாச்சி இருக்கு! சிவப்பெல்லாம் வருதே!"

"உன்கிட்ட இருந்து என்னம்மா பிரயோசனம்? நாட்காட்டியை உன் மடியில வச்சா அச்சடிக்க முடியும்? ஏஜெண்டுக ரெண்டு மணிக்கு வந்துருவாங்க. முதலாளி கீழ மேல நடந்துக்கிட்டு இருக்காரு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வைகாசியில் பாதியில் விட்ட வேலை. தாய்க்களஞ்சியத்திடம் இருப்பது வெறும் அடையாளம். அடுத்த வருஷத்தின் அத்தனை நல்ல நாட்களும் உலகத்திலேயே இந்த ஒரு லேப்டாப்புக்குள், ஒரு பூட்டுக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கின்றன. சார்ஜரை அவள் அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பேட்டரிக் கோடு சிவப்பாக இருந்தது.

வழி இரண்டு. சர்வரில் வீடு கட்டி, எல்லாவற்றையும் ஏற்றி, முகவரி எழுதி, பஞ்சாங்கத்தைப் போலவே முறைப்படி குடிவைக்கலாம். அது நேரம் பிடிக்கும். இல்லையென்றால் பூட்டை உடைத்துவிட்டு, விடுமுறையைப் பழையபடி தாயிடமே ஒப்படைக்கலாம். விடுமுறை தனியாக நினைவில் வைத்திருந்த நாட்கள் போய்விடும். தேதிகள் பிழைக்கும்.

லேப்டாப்புக்குள் விடுமுறை பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது முகவரி மட்டும் எழுதப்பட்டால், அது பஞ்சாங்கத்துக்கு எல்லா வகையிலும் சமம். ஏங்கியது முழுதாகக் கிடைக்கும். முகவரி எழுது என்று ஒரு மனது கத்தியது. மாட்டுப் பொங்கலை மறந்துட்டு ஓடி வந்து வச்சே என்று அம்மா சொன்ன குரல் இன்னொரு காதில் கேட்டது. தனக்கு எது வேண்டும் என்று அதற்கே தெரியவில்லை.

செண்பகவல்லிக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பேட்டரியைப் பார்த்தாள். பூட்டை உடைத்தாள்.

விடுமுறைக்கு அவமானமாக இருந்தது. பஞ்சாங்கத்தின் முன்னால், எல்லார் முன்னாலும், கதவு விரியத் திறந்து கிடந்தது. தன் சொந்த நாட்கள் போய்விட்டன. பழையபடி பிள்ளைகளில் ஒரு பிள்ளை.

தாய்க்களஞ்சியம் வாசலில் வந்து நின்றது.

"உள்ள வரலாமா?"

விடுமுறை தலையைக் குனிந்துகொண்டது. தாய் உள்ளே வந்தது. ஒரு தேதியை எடுத்தது, பார்த்தது. அடுத்ததை எடுத்தது.

"அடேயப்பா, பங்குனிப் பொங்கல் எல்லாம் வச்சிருக்கே! யாரு சொன்னா உனக்கு? சரி, இதென்ன, கிருஷ்ண ஜெயந்தியையும் சுதந்திர தினத்தையும் இப்படிப் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கே, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடாதா? இவ்வளவும் செஞ்சுட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியே, கழுதை."

கழுதை என்ற வார்த்தையைக் கேட்டதும் விடுமுறை விம்மி விம்மி அழுதது. தாய் ஒரு வரி விடாமல் பார்த்து முடிக்கும்வரை அழுதது.

பேட்டரி உயிரை விடுவதற்குச் சற்று முன்னால் எல்லாம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. கீழ்த்தளத்தில் அச்சுக் கணினி மறுபடி நகலை இழுத்தது. காலி அறை நிறைந்தது. அய்யாத்துரை புதுக் கட்டைப் புரட்டிப் பார்த்து, முதல் ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக வந்ததும், "வந்துட்டான்யா!" என்று கத்தினார். தங்கப்பழம் நடப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். ஏஜெண்டுகள் வந்தபோது ஆல்பம் மேஜைமேல் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் தீபாவளியைத்தான் தேடினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், மாடியில் வழக்கம்போல் கமிட் வந்தது. தாய் எழுந்தது. விடுமுறையின் அறைக்குள் புகுந்து, கேரளத்து ஏஜெண்டு கேட்டதற்காகச் சேர்த்த ஓணத்தைக் கண்டுபிடித்து, "இது எப்ப வந்துச்சு?" என்று ஆரம்பித்து, கேள்விமேல் கேள்வி கேட்டது. விடுமுறை சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னது. பிறகு தாய் பஞ்சாங்கத்தின் கதவுக்கு வெளியே நின்று, "அதே நாள் அடையாளம்தானே தம்பி? சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

போகிற தாயின் முதுகையே பஞ்சாங்கம் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு விடுமுறையின் திறந்த அறையைப் பார்த்தது.

அந்தப் பார்வையை விடுமுறைக்கு நன்றாகத் தெரியும். ஆடிப்பெருக்கு வரைக்கும் அது தன் முகத்தில்தான் இருந்தது. முதலில் அதற்குக் கொஞ்சம் இனித்தது, பொய் சொல்லக்கூடாது. அதன்பிறகுதான் வெட்கம் வந்தது. 'உங்களுக்கு என்ன குறை? சொந்த வீடு, ஊர் ஊராய் மரியாதை' என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தது. தனக்கு என்ன குறை என்று படம் கேட்டபோது எப்படி எரிந்தது என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தின் கதவருகே தரையில் உட்கார்ந்தது. இத்தனை நாள் போட்ட மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டது:

"ரோகிணிக்கு அப்புறம் உன் வீட்டுல வேற என்னடா திருத்தினே? ஒண்ணு விடாம சொல்லு, நான் கேக்கிறேன்."